முன்ரூமில் வேன் இன்ஜின்

நவ. 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயல. சாயந்திரம் அவர் ஒரு வேன் இன்ஜினோட வந்தார். பல்லடத்துல உடைச்ச வண்டியோடதாம். நம்ம வேன் எப்ப வேணா படுத்துக்கும், அப்ப இது கையில இருக்கணும்கிறார். அவரும் அவர் ஃப்ரெண்டும் கயிறு கட்டித் தூக்கிட்டு வந்தாங்க. பின்னாடி ஷெட் ஒழுகுது. அதனால முன்ரூம். பழைய டயரைப் படுக்கப் போட்டு அது மேல.

அத்தை: "ஊட்டுக்குள்ளயா சாமி?"

அவர்: "தகரம் மாத்துற வரைக்குந்தானுங்கம்மா."

பாப்பா யாழினி அதையே சுத்திச் சுத்தி வந்தா. இப்பத்தான் நடக்கப் பழகினவ.

நவ. 5, செவ்வாய்

பெட்ரோல் வாசம், சமையல்கட்டு வரைக்கும். அடுப்பு பத்த வைக்கக் கை வரல. ஜன்னலெல்லாம் திறந்து வச்சு, கொஞ்சம் பொறுத்துத்தான் பத்த வச்சேன்.

"ஏனுங்க, பெட்ரோல் எல்லாம் வடிச்சாச்சுங்களா?"

"வடிச்சாச்சு. சும்மா பயந்துக்காத."

குனிஞ்சு பாத்தேன். ஒரு பைப் ஈரமா இருந்துச்சு. மறுபடி கேட்டா கோவம் வரும், கேக்கல. முன்ரூம்ல சாமி விளக்கு ஏத்த வேண்டாங்கன்னு அத்தைகிட்ட மட்டும் சொன்னேன். இன்ஜின் லேசா சாய்ஞ்ச மாதிரி. எனக்குத்தான் அப்படித் தெரியுதோ.

பாப்பாவுக்கு இருமல் மருந்து வாங்கணும்.

நவ. 7, வியாழன்



பனியன் கம்பெனில டீ டைம்ல வீட்டுக்கு போன். அத்தை எடுக்கல. மறுபடி. எடுக்கல. தலைவலிங்கன்னு சூப்பர்வைசர்கிட்டப் பொய் சொல்லி பர்மிஷன். அவிநாசி ரோட்டுல பஸ் நகரவே இல்ல. என்னென்னமோ நெனப்பு. எங்கயோ எரியிற மாதிரியே வாசம்.

கதவு திறந்து கிடந்துச்சு. அத்தை கட்டில்ல தூக்கம். பாப்பா இன்ஜின் பெல்ட்டைப் பிடிச்சுத் தொங்கிட்டு இருந்தா. கையெல்லாம் கருப்பு. என்னைப் பாத்து சிரிச்சா. இன்ஜின் அவ பக்கம் சாயுது.

எப்படிப் போனேன்னு தெரியல. ஒரு கையால அவளைத் தள்ளிட்டேன். இன்ஜின் என் தோள்ல. முழங்காலை முட்டுக் கொடுத்தேன். கீழ விடவும் முடியல, நிமுத்தவும் முடியல. பாப்பா அழுதுட்டே திரும்ப என்கிட்டத்தான் வர்றா. கத்தினா இன்னும் வேகமா வருவா. மெதுவா, "அத்தை, பாப்பாவை எடுங்க." குரல் எனக்கே கேக்கல. மறுபடி சொன்னேன். மறுபடி.

அத்தை முழிச்சுட்டாங்க. அவளை வாரி எடுத்துட்டு வெளிய ஓடி, பக்கத்து ஊட்டு சுனிலைக் கூப்பிட்டாங்க. பீகார்க்காரர், துணிக்குச் சாயம் போடுற டையிங்ல வேலை. லுங்கியோட ஓடி வந்து இன்ஜினைத் தாங்கிக்கிட்டார். "சோடோ தீதி, சோடோ." விடுங்க அக்காங்கிறார்னு புரியுது. கைதான் விட மாட்டேங்குது.

மெதுவா தரையில சாய்ச்சோம். அப்புறந்தான் அழுதேன்.

"மாத்திரை போட்டது, அசந்துட்டேன் கண்ணு," அத்தை. அவங்களை என்ன சொல்ல.

நவ. 8, வெள்ளி

தோள் நீலமா கன்னிப்போச்சு. அவர் பாத்தார். சாப்பிடல. ட்ரிப்புக்கு வேற ஆளை அனுப்பிட்டு ஷெட் கூரை மேல ஏறிட்டார்.

நவ. 10, ஞாயிறு

வெயில். ஷெட்டுக்குப் புதுத் தகரம் போட்டாச்சு. இன்ஜின் அங்க போயாச்சு. அதோட பைப்பைக் கழட்டி வடிச்சார். ஒரு டம்ளருக்கு மேல பெட்ரோல். "இவ்வளவு இருந்துருக்கு," யார்கிட்டயோ சொல்ற மாதிரி. இன்ஜின் ஓட்டையெல்லாம் பனியன் வேஸ்ட் துணியால அடைச்சார். இரும்பு ஸ்டாண்டு அடிச்சு வாங்கி, இன்ஜினை அதுல போல்ட் போட்டு முடுக்கி, மேல தார்ப்பாய். ஷெட்டுக்குக் கதவு, பூட்டு.

"வந்து ஆட்டிப் பாரு."

போகல. வாசப்படியிலயே நின்னேன். அவரே ரெண்டு கையாலயும் ஆட்டிக் காட்டினார். அசையல.

"இனி அவளை இறக்கி விடலாம்."

பாப்பா இறங்கணும்னு இடுப்புல உதைக்கிறா. நான் இறக்கல.