முறை சொல்லிக் கூப்பிடாத வெள்ளிக்கிழமைகள்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் மாமா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான் கல்லுப் போல இருக்கிறேன். போன வாரம்கூட நாலு மாடிக் கட்டடத்துக்கு வெளிச்சுவர் பெயின்ட் அடிக்கும்போது ஏணி வழுக்கியது. வேறு எவனாக இருந்தாலும் எலும்பு மிஞ்சியிருக்காது. நான் ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் டப்பாவைச் சிந்தாமல் பிடித்தபடி இறங்கினேன். கீழே நின்றவர்கள் கை தட்டினார்கள். முதல் மாடிதான் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே.

உன் அம்மாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், வரவில்லை. எழுந்திருக்கிறாள், கம்பெனிக்குப் போய்த் துணி வெட்டிக் கொடுக்கிறாள், வருகிறாள், கதவைச் சாத்திக்கொள்கிறாள். சுகம் என்பது இதற்கு மேலே ஏதோ ஒன்று.

உன் கடிதத்தில், "அம்மா அந்தக் கிளப்புக்குப் போறத நிறுத்திட்டாங்களாமே, நல்லதுதான். இந்த வயசுல அது என்ன கிளப் மாமா?" என்று கேட்டிருந்தாய். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நீ 'ம்' போடும்போது கேட்டுக்கொண்டு போடுகிறாயா, வேறு எதையோ பார்த்துக்கொண்டு போடுகிறாயா என்று எனக்குத் தெரிவதில்லை. கடிதம் என்றால் கடைசி வரை படித்தாக வேண்டும். படித்து முடித்ததும் உன் அம்மாவுக்காக நீ ஒரு காரியம் செய்ய வேண்டியிருக்கும். அதையும் பஸ் ஸ்டாப் பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் கடையைக் காலி செய்வதற்குள் செய்ய வேண்டும். அவர் யார் என்று கேட்காதே. நீ அவருக்குக் கை கொடுத்திருக்கிறாய்.

கிளப்பின் கதையை முதலில் இருந்து சொல்ல இந்தச் சபையில் என்னை விட்டால் ஆள் இல்லை. எட்டாவது வரை படித்தவன் எழுதுகிற சரித்திரம் என்று நினைக்காதே. எங்கள் காலத்து எட்டாவது இப்போதைய காலேஜுக்குச் சமம்.

எல்லாம் பூட்டில் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோவிலைப் பூட்டுவது கோயில்பிள்ளையின் வேலை. மணி அடிப்பவரும் அவர்தான். அவர் ஒரு நாள் போதகரிடம் போய், "ஐயா, ஜெபம் முடிஞ்சாலும் சில பேரு போகவே மாட்டேங்கிறாங்க. பாட்டுப் புஸ்தகத்தை அடுக்குறாங்க, ஃபேனைப் பாக்குறாங்க, செருப்பை மாட்டுறாங்க, கழட்டுறாங்க. நான் எப்பத்தான் பூட்டுறது?" என்று முறையிட்டார். போதகர் அடுத்த ஞாயிறு ஓரமாக நின்று பார்த்தார். நின்றவர்கள் எல்லோரும் வீட்டில் யாரும் இல்லாதவர்கள். புருஷன் போனவள், பெண்டாட்டி போனவன், கல்யாணமே ஆகாதவன், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள். நானும் அங்கே நின்றேன், ஆனால் அந்தக் கணக்கில் அல்ல. எனக்கு ஊரெல்லாம் சிநேகிதர்கள். உன் அம்மாவுக்குத் துணையாக நின்றேன்.

சபையில் குழந்தைகளுக்கு ஞாயிறு பள்ளி இருக்கிறது, வாலிபருக்குச் சங்கம் இருக்கிறது, குடும்பஸ்தர்களுக்குக் கூட்டம் இருக்கிறது. நடுவயதில் தனியாக நிற்பவனுக்கு என்ன இருக்கிறது? கல்லறைக் கமிட்டிதான். இதை நான்தான் போதகரிடம் சொன்னேன். அவர் தாமாகவே யோசித்ததாக எல்லோரும் சொல்வார்கள், போகட்டும். பெருமைக்கு ஆசைப்படுகிறவன் நான் இல்லை.

கமிட்டியில் ஒரே கலவரம். மரக்கடை வைத்திருக்கும் மூப்பர் எழுந்து, "கிளப்புன்னா சீட்டு, குடி. சபைக்கு இது தேவையா? ஆம்பளை பொம்பளை ஒரே ஹால்ல உக்காந்து, நாளைக்கு இவங்களுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?" என்று குதித்தாராம். போதகர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "ஆச்சுன்னா கல்யாணம் பண்ணி வைப்பேன். அதுக்குத்தானே எனக்குச் சம்பளம் தர்றீங்க?" என்று கேட்டிருக்கிறார். மூப்பர் உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் 'கிளப்' என்ற பேருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 'வெள்ளிக்கிழமை ஐக்கியம்' என்று போர்டில் எழுதினோம். நான்தான் எழுதினேன். எல்லோரும் கிளப் என்றுதான் சொன்னார்கள்.

கோவிலுக்குப் பின்னால் இருந்த பழைய ஹாலைக் கொடுத்தார்கள். உடைந்த பெஞ்சு போட்டுவைக்கிற இடம் அது. நான் தனி ஆளாக நின்று சுத்தம் செய்து, பச்சைப் பெயின்ட் அடித்தேன். அந்தப் பச்சை உலகத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆஸ்பத்திரி வேலையில் மிஞ்சிய பெயின்ட் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். முதல் நாள் ஹால் கொள்ளாத கூட்டம். சரி, ஒரு வேனில் அடங்கும் கூட்டம்.

ஆனால் முதல் நாள் படுதோல்வி. ஆண்கள் ஒரு சுவரோரம், பெண்கள் எதிர்ச் சுவரோரம், டாக்டரைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். "சாப்டீங்களா அக்கா?" "ஆச்சு அண்ணே." அதோடு பேச்சு செத்துவிடும். இரண்டு வாரம் இப்படியே ஓடியது. மூன்றாவது வாரம் போதகர் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "எல்லாரும் எல்லாருக்கும் அண்ணன் தங்கச்சின்னா எல்லாருக்கும் பாதுகாப்புதான். ஆனா யாரும் யாரையும் நிமிந்து பாக்கப் போறதில்ல. இனிமே முறையை வாசல்ல செருப்போட விட்டுட்டு வாங்க. உள்ள வந்து எவன் அண்ணே, அக்கான்னு சொல்றானோ, அவன்தான் அன்னைக்கு டம்ளர் கழுவணும்" என்று சட்டம் போட்டார்.

பிறகு எப்படிக் கூப்பிடுவது? செய்கிற தொழிலை வைத்துத்தான். தபால் கொடுக்கிற அம்மாள் 'தபால்' ஆனார். கோயில்பிள்ளை 'சாவி' ஆனார். நான் 'பெயின்ட்'. உன் அம்மா கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், அதனால் 'மாஸ்டர்'. கண்ணாடிக் கடைக்காரர் வெறும் 'கண்ணாடி'.

அதிகமாக டம்ளர் கழுவியவன் நான்தான். "ஐயா, அது நிஜமாவே எங்கக்கா!" என்று கத்திப் பார்த்தேன். "வெளிய அக்கா. உள்ள மாஸ்டர்" என்று போதகர் சொல்லிவிட்டார். வாய் பழக எனக்கு வெகு நாள் ஆனது. பழகிய பிறகு ஒன்று நடந்தது, மருமகனே. பிறந்ததில் இருந்து பார்த்த முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். மாஸ்டர் என்று கூப்பிட்டால் திரும்புகிற பெண் வேறு ஆள். கேரம் விளையாடும்போது நாக்கை ஓரமாகக் கடிப்பாள். தோற்றால் ஸ்ட்ரைக்கர் மேல் குற்றம் சொல்வாள். தபாலும் அவளும் சேர்ந்து மரக்கடை மூப்பர் நடப்பது போல் நடந்து காட்டுவார்கள். உன் அப்பா போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அந்தப் பச்சைச் சுவருக்குள்தான்.

கண்ணாடி அதிகம் பேசமாட்டார். மனைவி போய் வருஷங்கள் ஆகின்றன. மகள் தூரத்து ஊரில் குடும்பமாக இருக்கிறாள். கேரத்தில் உன் அம்மாவுக்கு எதிர்ப்பக்கம் உட்காருவார். வாராவாரம் அவள் மூக்குக்கண்ணாடியில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். சட்டைப்பையில் இருந்து குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்து முறுக்கிக் கொடுப்பார். "மாஸ்டர், உங்க கண்ணாடி மட்டும் எப்படி வாராவாரம் லூஸ் ஆகுது? எங்க கண்ணாடியெல்லாம் மானம் ரோஷத்தோட இருக்கே!" என்று தபால் கேட்க, ஹாலே சிரித்தது. உன் அம்மா முறைத்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

இதற்கு மேல் நான் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லப் போவதில்லை.

இரண்டு பேரும் போதகரிடம் போய்க் கல்யாணப் பேச்சைப் பேசிவிட்டார்கள். அவர் சந்தோஷமாகச் சரி என்றார். உன் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "எம் பையன் லீவுல வர்றான். அவன் முதல்ல இங்க வரட்டும். நான் இங்க எப்படி இருக்கேன்னு பாக்கட்டும். அப்புறம் சொல்றேன்." அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை, "ஹாலுக்கு வந்து என்னைக் கூட்டிட்டுப் போ" என்று உன்னிடம் சொன்னாள். வழி தெரியாமல் அல்ல. அந்த ஹாலுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு தெருதான்.

நீ வந்தாய். வாசலில் நின்றாய். அந்த நேரம் பார்த்துத் தபால், "ஏய் மாஸ்டர், அழுகுணி ஆட்டம் ஆடாத!" என்று கத்த, உன் அம்மா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு மேஜையைத் தட்டினாள். உன் முகம் சுருங்கியது. தப்பில்லை. அம்மாவை அப்படி யாரும் கூப்பிட்டு நீ கேட்டதில்லை. எதிரே இருந்தவரைப் பார்த்து, "இவர் யாரு?" என்று கேட்டாய்.

சாதாரணமாகத்தான் கேட்டாய். ஆனால் உன் அப்பாவின் குரல் அப்படியே உனக்கு. கண்ணாடி எழுந்து நின்றார். கையில் ஸ்ட்ரைக்கர் இருந்தது, வைக்கத் தெரியவில்லை. "தம்பி, நான் கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். உங்கம்மா... எனக்குத் தங்கச்சி மாதிரி" என்றார்.

டம்ளர் கழுவச் சொல்லி யாரும் கேலி செய்யவில்லை. உன் முகம் தெளிந்தது. முன்னால் வந்து கை கொடுத்து, "அப்படியா! வீட்டுக்கு வாங்க மாமா" என்றாய். எவ்வளவு மரியாதையாகச் சொன்னாய்! வளர்ப்பு அப்படி. உன் அம்மா சிதறிக் கிடந்த காய்களை எல்லாம் எடுத்துக் கறுப்பு தனி, வெள்ளை தனி என்று பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். யாரும் ஆட்டம் முடிந்தது என்று சொல்லவில்லை.

நீ ஊர் திரும்பியதும் நான் அவர் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். "பெயின்ட், பையன் வாசல்ல நின்னதப் பாத்தீங்கல்ல? எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. தப்பிச்சாப் போதும்னு வந்த வார்த்தை அது" என்றார். "சரி, வாய் தவறிச்சுன்னு சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு" என்றேன். "அவன் மாமான்னு கூப்பிட்டுட்டானே! மாமான்னு கை கொடுத்த பிள்ளை முன்னாடி இனி நான் என்னன்னு போய் நிக்கிறது? அசிங்கமா இருக்காதா?" என்று கேட்டார். போதகரும் பேசிப் பார்த்தார். அவருக்கும் இதே பதில்தான்.

உன் அம்மா அதற்கு மேல். "என்னைக் கேக்காமலே என்னைத் தங்கச்சி ஆக்கிட்டாருல்ல. இருக்கட்டும். எம் பிள்ளை நிம்மதியாத் திரும்பிப் போனான், அது போதும்" என்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் அலமாரியில் இருக்கிற துணியை எல்லாம் இறக்கி, மறுபடியும் மடித்து வைக்கிறாள். நான் ஹாலுக்குப் போகிறேன். கேரம் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டார்கள். தபால்கூட இப்போது என்னை "அண்ணே" என்கிறார். யாரும் அபராதம் போடுவதில்லை.

கண்ணாடி தன் மகள் ஊருக்கே போய்விடப் போகிறார். லென்ஸ் தேய்க்கும் மெஷினை விற்றுவிட்டார் என்று கேள்வி. கடைக்கு வெளியே 'வாடகைக்கு' என்று அட்டை தொங்குகிறது.

உன் மேல் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. உனக்கு எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வாசலில் நீ வேறு மாதிரி நின்றிருப்பாய் என்று நான் நினைக்கிறேன். அவள் உன்னிடம் சொல்லவே மாட்டாள். கேட்டாலும், "உங்க மாமா அளக்குறான்" என்பாள். நான் அளப்பவன்தான். இதில் அளக்கவில்லை.

அவருக்கு ஒரு கடிதம் எழுது. பெரிதாக ஒன்றும் வேண்டாம். மாமா என்று ஆரம்பிக்காதே, ஐயா என்றால் போதும். "அம்மாவைப் பாத்துக்கோங்க" என்றும் எழுதாதே. அது அவளோடு கூடப் பிறந்தவனிடம் ஒப்படைக்கிற பேச்சு. "வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். எனக்குச் சந்தோஷம்" என்று எழுது. விவரம் உள்ள மனுஷர், புரிந்துகொள்வார். அம்மாவுக்கும் தனியாக எழுது, என் பேரை இழுக்காமல்.

உன் கடிதம் வந்து சேரும்போது அவர் இருப்பாரா, வந்தாலும் உன் அம்மா கதவைத் திறப்பாளா, எனக்குத் தெரியாது. தெரியாது என்று நான் கைப்பட எழுதுவது இதுதான் முதல் தடவை. ஆனாலும் எழுது.

உனக்கும் உன் மனைவிக்கும் என் ஆசீர்வாதம். இரண்டு பேரும் சேர்ந்தே தலை நரையுங்கள். டிவி சத்தத்துக்கும் ஃபேன் வேகத்துக்கும் சண்டை போட வீட்டில் எப்போதும் ஆள் இருக்கட்டும். ஆராதனை முடிந்தால் முதல் ஆளாக வெளியே ஓடி வருகிற ஜோடியாக இருங்கள். வீட்டுக்குப் போக அவசரம் இருக்கிற வாழ்க்கையைக் கர்த்தர் உங்களுக்குக் கடைசி வரை கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உனக்கு இருக்கிற ஒரே மாமா