ஆறு கோடியும் ஒரு கரண்டிப் பாலும்

மச்சான்,

நேற்று சுங்கை சிப்புட் ரோட்டில் ஒரு கட்டிப்பால் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். மரத்தில் கட்டிய மங்கிலேயே உறைந்துபோன ரப்பரை மலைபோல் ஏற்றிக்கொண்டு, ரோடெல்லாம் தண்ணி சொட்டச் சொட்டப் போகுமே, அந்த லாரி. அதன் நாற்றத்தை உனக்கு விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்த உன் தங்கச்சி விமலா மூக்கைப் பொத்திக்கொண்டு, "கண்ணாடிய ஏத்துங்க லா" என்றாள். நான் இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டேன். நாலு மைல் அவன் பின்னாலேயே போனேன், முந்தவில்லை. இருபது வருசம் கல் லாரி ஓட்டிய நான் இன்னொருத்தன் பின்னால் இத்தனை பொறுமையாகப் போனது சரித்திரத்திலேயே இதுதான் முதல் தடவை. காய்ச்சலோ என்று விமலா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

காய்ச்சல் இல்லை. நீ ஞாபகத்துக்கு வந்துவிட்டாய்.

நீ போய் மூன்று வருசம் ஆகிறது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் தோட்டப் பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்தைப் பார்த்து வாத்தியார் அசந்து நின்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீதான் சாட்சி. உயிரோடு இருந்தால் இல்லை என்பாய். இப்போது மறுக்க ஆளில்லாத தைரியத்தில் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருசம் பிள்ளை இல்லாதபோது, ஈப்போவில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். முதலில் என் விந்தைப் பரிசோதித்தார்கள். எண்ணிக்கை ஆறு கோடி. ஓட்டம் நன்று, உருவம் நன்று என்று எல்லாம் நன்றாகவே வந்தது. அந்தத் தாளை நான் லேமினேட் பண்ணினேன் மச்சான். வேறு எவனாவது செய்திருப்பானா? சிம்பாங் பூலாய் ஒட்டுக்கடையில் தேத்தண்ணிக் கிளாசுக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு, "நாட்டு ஜனத்தொகையே மூணு கோடிச் சொச்சம்தான். என்கிட்ட ரெண்டு மலேசியா இருக்கு" என்பேன். கடைக்காரர் எழுந்து வந்து கைகொடுத்தார். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால் என் வாயில் ஆறு கோடி ஒன்பது கோடியாகிவிடும்.

அந்தத் தாளை ஊருக்குக் காட்டியபோது ஒன்றை நான் யோசிக்கவில்லை. என்னிடம் கோளாறு இல்லை என்று சொன்ன ஒவ்வொரு தடவையும், கோளாறு யாரிடம் என்று வாயைத் திறக்காமலே சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் சோதனைக் குழாய் சிகிச்சையில் கரு ஒட்டவே இல்லை. இரண்டாவது தடவை ஒட்டியது, ஏழாவது வாரத்தில் கலைந்தது. விமலா நாலு நாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். என் அம்மா அவள் காதில் விழும்படியே, "இவ வயித்துல தங்கலன்னா என் மகன் என்னா பண்ணுவான்?" என்றார். என் அக்கா ஒரு படி மேலே போய், தஞ்சோங் மாலிமில் ஒரு பெண்ணையே பார்த்து வைத்துவிட்டாள், எனக்கு இரண்டாந்தாரமாக. நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயடைத்து இருந்தது அந்த ஒரு மாதம்தான். பேச வேண்டிய மாதமும் அதுதான்.

அது உன் காதுக்கு எட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாய். நீ சண்டை போடப் போகிறாய் என்று அக்கா நாற்காலிகளையெல்லாம் ஓரமாக நகர்த்தி வைத்தாள். நீயோ அம்மாவிடம் நலம் விசாரித்தாய், முறுக்குத் தின்றாய், "மாப்ள, அந்த ரிப்போர்ட்ட எடுத்துக்கிட்டு லாரிக்கு வா" என்றாய். தோட்டம் இருந்த காலத்தில் நீ ரப்பர் பால் ஸ்டோரில் வேலை பார்த்தவன். தோட்டத்தை அழித்துத் தாமான் வீடுகள் கட்டிய பிறகு கையுறைத் தொழிற்சாலையிலும் பாலைச் சோதிக்கிற வேலைதான். ஸ்டோரில் சாம்பிளைப் பார்க்கிற மாதிரியே தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய்.

"நம்ம தோட்டத்துல மழ பேஞ்ச அன்னைக்கு ஒங்கப்பா பால் வாளி எப்பிடி இருக்கும்?"

"தளும்பும்."

"தளும்புதேன்னு கணக்கெழுதுற கிராணி பாராட்டுவாரா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாளி எத்தனை நிறைந்திருந்தாலும் ஒரு கரண்டிப் பாலை எடுத்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, காய வைத்து, எவ்வளவு ரப்பர் தேறுகிறது என்று நிறுத்துப் பார்ப்பீர்கள். மழைத் தண்ணி அப்போது காட்டிக்கொடுத்துவிடும்.

"இந்த ரிப்போர்ட்டு வாளிய மட்டுந்தான் அளந்திருக்கு மாப்ள. எத்தன இருக்கு, எப்பிடி ஓடுதுன்னு பாத்திருக்கான். விந்தணுவோட தலைக்குள்ள இருக்கிற டி.என்.ஏ முழுசா இருக்கா, ஒடஞ்சி கெடக்கான்னு பாக்க வேற டெஸ்ட் இருக்கு. டாக்டரம்மா சொன்னாங்களாமே, நீ வேணான்னுட்டியாம்."

உண்மைதான். ஆறு கோடி வைத்திருப்பவனுக்கு இன்னொரு டெஸ்டா என்று தட்டிக்கழித்தவன் நான்தான்.

"ரெண்டு தடவ அந்தப் புள்ள ஆஸ்பத்திரி மேசைல படுத்து எந்திரிச்சிருச்சு. நீ ஒரு கரண்டி குடுத்தா கொறஞ்சா போயிருவ?"

திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். நீ லாரிக் கண்ணாடி வழியே எங்கள் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மறுநாளே போனோம்.

முடிவு வந்த அன்று நீ லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தாய். நூற்றுக்கு நாற்பது உடைந்திருந்தது. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். பல வருசம் இஞ்சின் சூட்டின் மேலேயே உட்கார்ந்தது, நாளைக்கு இரண்டு பெட்டி சிகரெட், விதைப்பையில் புடைத்த ஒரு நரம்பு, எல்லாம் சேர்ந்திருக்கலாம் என்றார். "இது ஜாதகம் இல்லங்க. இத வச்சி பிள்ளை பிறக்கும், பிறக்காதுன்னு சொல்ல முடியாது. எதைச் சரி பண்ணலாம்னுதான் காட்டும்."

வெளியே வந்தபோது தாள் உன் கையில் இருந்தது. உன் தங்கச்சி ஏழு வருசமாக வாங்கிய பேச்சுக்கெல்லாம் பதில் அதில் இருந்தது. நேராக எங்கள் வீட்டுக்கு வந்து அம்மா முன்னால் நீ அதைப் படித்திருக்கலாம். யார் தடுத்திருப்பார்கள்? நாலாக மடித்து என் சட்டைப்பையில் வைத்தாய். "இத நீதான் வீட்டுல படிக்கணும். நான் எங்க வீட்டுக்குப் போறேன்."

மலைப்பாம்பைக் கையால் பிடித்தவன் நான். கேமரன் மலையில் பிரேக் பிடிக்காத லாரியைக் கியரிலேயே கீழே இறக்கியவன். அதெல்லாம் பெரிசில்லை மச்சான். அன்றைக்கு அம்மா முன்னால் போய் நிற்பதற்குள் வாசலில் செருப்பை மூன்று தடவை கழற்றி மாட்டினேன்.

"கோளாறு என் பக்கம்தாம்மா," என்றேன். தாளை விரித்துப் படித்தேன். அக்கா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

அம்மா தாளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஆறாப்பு படிச்சவன் நீ. தப்பா படிச்சிருப்ப."

"இல்லம்மா. நாலு தடவ படிச்சிட்டேன்."

அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. விமலா ஈரக்கையோடு வந்தாள், என் கையிலிருந்து தாளை வாங்கித் தானே ஒரு தடவை படித்தாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "அத்த, சாப்பிட வாங்க" என்றாள். அவ்வளவுதான். ஏழு வருசத்தில் அவள் குரல் அந்த வீட்டில் அப்படி உரக்கக் கேட்டதில்லை. இரண்டாந்தாரப் பேச்சு அன்றோடு முடிந்தது.

சிகரெட்டை விட்டேன். நரம்புக்குச் சின்ன ஆப்பரேசன் செய்துகொண்டேன். ஊரே நடுங்கிய கல் லாரியை விட்டு இறங்கி, கடை கடையாக ரொட்டி போடும் வேனில் ஏறினேன். கேலி பண்ணினார்கள். நீ மட்டும், "ரொட்டி வேன்லயும் ஒன்ன யாரும் முந்த முடியாது மாப்ள" என்றாய். புது விந்தணு உருவாகி வர மூன்று மாதம் போல ஆகும் என்றார்கள். காத்திருந்தோம். மறுபடி சோதித்தபோது உடைந்தது பாதியாகக் குறைந்திருந்தது. மூன்றாவது தடவை தங்கியது. எது பலித்தது என்று டாக்டரம்மாவும் அடித்துச் சொல்லவில்லை. மகள் பிறந்ததும் முதலில் உன் கையில்தான் கொடுத்தாள் விமலா. இப்போது அவளுக்கு ஆறு வயது. வாய் என்னைப்போல. நல்லவேளையாக மூளை உன்னைப்போல.

பிறகு உனக்குச் சிறுநீரகம் போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிசுக்கு நான்தான் ரொட்டி வேனில் கூட்டிப் போனேன். ஒரு நாள் கேட்டேன்: "அன்னைக்கு ஏன் மச்சான் நீயே படிக்கல?"

"நான் படிச்சிருந்தா நீ தோத்திருப்ப. தோத்தவன்கூட என் தங்கச்சி எப்பிடிக் குடும்பம் நடத்தும்?"

உன் பெல்ட்டை மாட்டிவிட்டு வேனைக் கிளப்பினேன்.

இப்போதெல்லாம் பிள்ளை இல்லாதவர்கள் யோசனை கேட்டு என்னைத் தேடி வருகிறார்கள். போன மாதம் ஒரு புருசன் பெண்சாதி வந்தார்கள், கல்யாணமாகி ஒன்பது வருசம். அவன் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, ஆம்பளப் பேச்சு, தனியா பேசலாமா?" என்றான். அவள் குனிந்த தலையோடு எழுந்தாள், எழுந்து எழுந்து பழகியவள் மாதிரி.

"ஒக்காரும்மா," என்றேன். "நீ கேக்கத்தான் சொல்றேன். எங்க வீட்டுல கோளாறு என்கிட்டதான் இருந்துச்சு. நூத்துக்கு எழுவது ஒடஞ்சி கெடந்துச்சு."

நாற்பதுதான், தெரியும். பழக்கதோசம். ஆனால் அந்தப் பொண்ணு மெல்லத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள் மச்சான். பிறகு பக்கத்தில் இருந்த அவள் புருசனைப் பார்த்தாள்.