நன்றி சொல்ல மறுத்த ஊர்

அன்புள்ள ரோவீனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், அப்பாவும் சௌக்கியம், அவர் முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை. கனடாவில், அந்தக் கால்கரிக் குளிரில் உன் மூக்கு இன்னும் முகத்தோடுதான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

ஊரில் பேருந்து செவ்வாய்க்கிழமை மட்டும் வருகிறது, அதுவும் அதற்கு மனசு இருந்தால். கடையை நாங்களே முறை வைத்து நடத்துகிறோம், அப்பா முறையன்று பிஸ்கட் விற்பதில்லை, மாயமாகிறது. ஊரின் ஒரே மதுக்கடையான பப்பையும் மூடிவிட்டார்கள். மிச்சமிருப்பது ஊர்மன்றமும் அதன் பின்னால் நீங்களெல்லாம் விளையாடி வளர்ந்த திடலும்தான், இப்போது திடலுக்கும் ஆபத்து. லண்டனிலிருந்து வந்து பெரியவீட்டை நிலத்தோடு வாங்கிய ஹேவரில் என்பவர் அங்கே வீடு கட்டப் பார்க்கிறார். வேலி போட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்போம். மனுஷர் கெட்டிக்காரர், 'ஊர்மக்கள் இங்கே விளையாட அன்புடன் அனுமதிக்கிறேன்' என்று அழகாய் ஒரு பலகை நட்டார். ஊரே உருகிவிட்டது. மன்றத்துச் சாவி வைத்திருக்கிறாளே ஈனிட், அவள் எலுமிச்சை கேக் செய்து, நன்றி அட்டையில் எல்லோரிடமும் கையெழுத்தும் வாங்கிவிட்டாள். எனக்குத்தான் சட்டம் ஞாபகம் வந்தது. இருபது வருஷம் யாரையும் கேட்காமல் ஊர் புழங்கிய நிலத்தை ஊர்த்திடலாகப் பதியக் கேட்கலாம், பதிந்துவிட்டால் அங்கே ஒரு செங்கல் வைக்க முடியாது. அவர் அனுமதித்து நாமும் நன்றி சொன்னால், அவர் தயவில் விளையாடியதாக ஆகிவிடுமே, அப்புறம் பதிய முடியாதே. அட்டையைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டேன். ஈனிட்டுக்கு முகம் கோணியது. "நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னா நமக்கென்ன குறைஞ்சிடும், மார்ஜரி?" என்றாள். "ஒரு திடல் குறைஞ்சிடும்" என்றேன். கேக்கை அங்கேயே வெட்டித் தின்றோம், ஆதாரத்தை அழிக்க வேண்டாமா.

சனிக்கிழமை ஹேவரிலே மன்றத்துக்கு வந்து, பலகை பிடித்திருந்ததா என்று இதமாக விசாரித்தார். நம் ஜனங்களைத்தான் உனக்குத் தெரியுமே, காலை மிதித்தவனிடம் தாங்களே மன்னிப்புக் கேட்கிற ரகம். எல்லோரும் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தை ஒளித்தார்கள். உன் அப்பா வாயைத் திறந்தார், மேசைக்கடியில் ஒரு உதை விட்டேன். அப்போது ஈனிட் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "நாங்க உங்ககிட்ட அனுமதி கேக்கவே இல்லையே, மிஸ்டர் ஹேவரில். எங்களுக்கு அது வேணவே வேணாம்" என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை, கொட்டுகிற மழையில் வெளியே போய்ப் பலகைக்கு நேர் எதிரே பந்து உருட்ட ஆரம்பித்தாள். பின்னாலேயே நாங்கள் எல்லோரும் போனோம், அப்பா நொண்டிக்கொண்டே.

விண்ணப்பம் தயாராகிறது, உன் சாட்சியும் வேண்டும். அந்தத் திடலில் சைக்கிள் பழகி முன்பல்லை உடைத்துக்கொண்டதை எழுது, யாரையும் கேட்டுக்கொண்டு விழவில்லை என்பதையும் எழுது. வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நிற்கிற இடமெல்லாம் உனக்குச் சொந்த இடம்போல இருக்கட்டும், நீண்ட ஆயுளோடு இரு. ஒன்றே ஒன்று, சாட்சிக் கடிதத்தின் கடைசியில் பழக்கதோஷத்தில் அந்த மனுஷருக்கு நன்றி சொல்லித் தொலைக்காதே.

யார் அனுமதியும் இல்லாமல் உன்னை நேசிக்கும்
அம்மா மார்ஜரி