கரண்ட் வைக்கிற ஆஸ்பத்திரி

ஜீவனஹள்ளி
8.6.2025

அன்புள்ள வீணாவுக்கு,

நாகேஷ் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அம்மாவின் கோபத்தைத் தவிர. மெசேஜ் போட்டால் ‘ம்’ என்று ஒற்றை எழுத்து அனுப்புகிறாய். அதனால்தான் பேனாவைப் பிடித்தேன். பிழை இருந்தால் சிரிக்காதே, நான் எலக்ட்ரீஷியன்.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் எங்கள் தெரு உஷா அக்கா உன்னை அங்கே பார்த்தாராம். “அந்தப் பொண்ணுக்கு கரண்ட் வெக்கிறாங்க” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். மூளை சரியில்லாதவர்களுக்குத்தானே கரண்ட் வைப்பார்கள் என்று அம்மா அழுகிறார். கல்யாணமே வேண்டாமாம். நிச்சயதார்த்தத்தில் என்னை மோதிரம் போட விடாமல், வாங்கி நீயே போட்டுக்கொண்டாயே, அதையும் சேர்த்துப் பேசுகிறார். எனக்கும் அது உறுத்துகிறது. என்னைப் பிடிக்கவில்லையா? எதுவானாலும் நீயே சொல்லிவிடு.

உன்
நாகேஷ்

ஸ்ரீராம்புரம்
12.6.2025

திரு. நாகேஷ் அவர்களுக்கு,

என் மூளை நன்றாக இருக்கிறது. கோளாறு கையில். சின்ன வயதிலிருந்தே உள்ளங்கை வேர்த்துக் கொட்டும். பரீட்சைத் தாள் நனைந்து கிழியும். வேலை பார்க்கிற கார்மென்ட்ஸ் கம்பெனியில் வெள்ளைச் சட்டையைத் தொட்டால் கறை, உடனே சூப்பர்வைசரிடம் திட்டு. ஈர விரலுக்கு போன் ஸ்கிரீன் நகராது, அதனால்தான் ‘ம்’. நிச்சயதார்த்தத்தன்றும் என் கை சொட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் முகம் சுளித்திருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

இது பயத்தால் வருவதில்லையாம், பயந்தால் கூடுமாம். வேர்வைச் சுரப்பிகளை முடுக்கும் நரம்பு ஓயாமல் வேலை செய்கிறது என்று டாக்டர் வித்யாலட்சுமி சொன்னார். முதலில் ராத்திரி தடவ ஒரு லோஷன் கொடுத்தார், எரிச்சல்தான் மிச்சம். இப்போது இரண்டு தட்டில் குழாய்த் தண்ணீர் ஊற்றி, கையை வைக்கச் சொல்லி லேசாகக் கரண்ட் விடுகிறார்கள். எறும்பு கடிப்பதுபோல் இருக்கும். வேர்வை பாதியாகக் குறைந்துவிட்டது. விட்டால் திரும்பி வரும், தொடர்ந்து செய்ய வேண்டும்.

இத்தனை நாள் பயந்தாங்கொள்ளிப் பட்டம் சுமந்தேன். பைத்தியப் பட்டத்தோடு உங்கள் வீட்டுக்கு வர மாட்டேன். உங்கள் அம்மா நம்பாவிட்டால் மோதிரத்தை அனுப்பிவிடுகிறேன்.

வீணா

ஜீவனஹள்ளி
22.6.2025

அன்புள்ள வீணா,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “ஈரக் கையோட கரண்டைத் தொடாதேன்னு நீதானேடா சொல்வே? இது எப்படிடா வைத்தியம்?” என்றார்.

நேற்று அவரை உன் டாக்டரிடமே அழைத்துப் போனேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆனால் மெஷினைக் காட்டி விளக்கினார். அது வீட்டுக் கரண்ட் இல்லை, பேட்டரியில் ஓடுகிற சின்னப் பெட்டி. அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ரொம்ப வலிக்குமா மேடம்?” என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும், “செவ்வாக்கெழமை நான் போய் அந்தப் பொண்ணைப் பாக்கறேன், நீ வராதே” என்றார். என்ன பேசப் போகிறாரோ, எனக்குத் தெரியாது. எனக்கு நீ வேண்டும் வீணா, அது மட்டும் தெரியும்.

நாகேஷ்

ஸ்ரீராம்புரம்
25.6.2025

என் நாகேஷுக்கு,

நேற்று அத்தை வந்தார். காபி டம்ளரை நீட்டினேன், ஈரக் கையில் வழுக்கப் பார்த்தது. டம்ளரோடு என் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். புடவைத் தலைப்பால் உள்ளங்கையைத் துடைத்தார். மறுபடி வேர்த்தது. மறுபடி துடைத்தார். “வேர்த்தா வேர்க்கட்டும், பர்வாயில்ல. உன்னைக் கேக்காம ஊர் பேச்சைக் கேட்டேனேம்மா” என்று அழுதுவிட்டார். நானும் அழுதேன்.

அத்தையிடம் எனக்குக் கோபமில்லை. உங்கள் மேல் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, அதை நேரில் தீர்த்துக்கொள்கிறேன். ஆவணியில்தானே முகூர்த்தம்? பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள்
வீணா