சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு புகார்

நீங்கள் பொய் சொன்னீர்கள், அக்கா. எங்கள் வீட்டுக் குழாயின் சத்தம் உங்கள் தூக்கத்தை ஒரு நாளும் கெடுக்கவில்லை. மத்தியானத்தில் தூங்குகிற ஆளே இல்லை நீங்கள்.

இன்றைக்கும் மூன்று மணிக்குக் குழாய் உறுமியது. முதலில் காற்று, ஊளை மாதிரி. அப்புறம் சுவரே நடுங்குகிற மாதிரி ஒரு தடதடப்பு. அதற்குப் பிறகுதான் தண்ணீர். எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுப் பழக்கதோஷத்தில் உங்கள் குரலுக்குக் காத்திருந்தேன். 'அண்ணே, வீட்ல குழாய வச்சிருக்கீகளா, ரயில வச்சிருக்கீகளா?' நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷமாகிறது. உங்கள் வீட்டுக்காரர் பாய் தன் தம்பி வீட்டோடு போய்விட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது வேறு குடித்தனம்.

நூல் மில் இரைச்சலில் பாதி ஆயுளைக் கழித்த என் அப்பா உங்கள் ஒற்றைக் குரலுக்குப் பயந்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் மரத்துண்டுகளைச் செருகினார். சாக்கைச் சுற்றிச் சணலால் கட்டினார். அதன்மேல் அம்மாவின் பழைய சேலையையும் சுற்றியபோது, "என்ன, குழாய்க்குக் குளிர்காய்ச்சலா?" என்று அம்மா கேட்டாள். மறுநாளும் நீங்கள் விடவில்லை. "கத்துறது கொறயலயே அண்ணே!"

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த சமயம். தெருவிளக்குக்கு, சாக்கடைக்கு என்று தெருவுக்கே மனு எழுதித் தந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் நீங்களும் வந்தீர்கள்.

"தம்பி, ஒரு மனு எழுதணும்."

"யார் மேலக்கா?"

"உங்க அப்பா மேல."

எனக்கு அப்போது யார்மேல் மனு எழுதினாலும் சந்தோஷம்தான். காகிதத்தை விரித்துக்கொண்டு, "சத்தத்தால் தங்களுக்கு நேரும் இடைஞ்சல் யாது?" என்று மனுவின் பாஷையிலேயே கேட்டேன். நீங்கள் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதினேன்.

"காத்து ஊதுனதுமே குடத்தத் தூக்கிட்டுத் தெருக்குழாய்க்கு ஓடுறேன் தம்பி. தோல் நாத்தம் அடிக்குது, தள்ளி வையிங்கிறாளுக. அம்புட்டுப் பேரும் பிடிச்சு முடிச்சு என் முறை வாரப்ப தண்ணி நின்னுபோகுது. காலிக் குடத்தோட வீட்டுக்கு வந்தா, சுவத்துக்கு அந்தப் பக்கம் உங்க தொட்டியில தண்ணி விழுகுற சத்தம். அதத்தான் தம்பி தாங்க முடியல."

பேனாவை மூடிவிட்டேன். பாய் தோல் பதனிடுகிற ஷாப்பில் நாளெல்லாம் சுண்ணாம்புக் குழியில் நின்றுவிட்டு வருவார். சாயங்காலம் அவர் உடம்பு கழுவவே இரண்டு குடம் வேண்டும். தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவத் தனியாக வேண்டும். அவர் பதப்படுத்திய தோலில் தைத்த செருப்பை மாட்டிக்கொண்டுதான் நம் தெரு ஆண்கள் கடைவீதிக்குப் போனார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு உங்கள் குடம் நாறியது. உங்கள் வீட்டுக்கும் குழாய் இழுத்திருக்கலாம். அதற்கு வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும். "வாடகைக்கு இருக்கவுகளுக்கு எதுக்குக் குழாய்?" என்று அவர் கேட்டுவிட்டார். வாடகைக்கு இருப்பவர்களுக்குத் தாகம் எடுக்காது போலிருக்கிறது.

பாதி எழுதிய மனு அப்பா கண்ணில் பட்டது. "ஏலே, என் சோத்தத் தின்னுட்டு என் மேலயே மனுவா?" என்று பாய்ந்தவர், கீழே படிக்கப் படிக்கக் குரல் தணிந்துபோனார். காகிதத்தை அம்மாவிடம் நீட்டினார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்டினேன்.

"இதுக்கு எதுக்கு மனு? சுவத்துல ஒரு ஓட்டையப் போடுங்க" என்றாள்.

மறுநாள் அப்பா கடப்பாரையால் பின்கட்டுச் சுவரில் ஒரே ஒரு செங்கலைப் பெயர்த்தார். ரப்பர் குழாயை அதில் நுழைத்தார். அந்தப் பக்கத்திலிருந்து நன்றி எதுவும் வரவில்லை. "மெதுவா விடுங்கண்ணே, இது மண்குடம்!" என்றுதான் குரல் வந்தது. அம்மா சிரித்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் ஏதோ பரீட்சையில் தேறியவர்கள் மாதிரி இருந்தோம்.

ஆனால் சுவரில் ஆணி அடித்தால்கூட வீட்டைக் காலி செய்யச் சொல்கிற மனிதர் உங்கள் வீட்டுச் சொந்தக்காரர். மாதாமாதம் வடமதுரையிலிருந்து வருவார். அவர் வருகிற நாளில் ஓட்டைமேல் முறத்தை மாட்டிவிட்டு, வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொள்வீர்கள். "இந்தக் குழாய்ச் சத்தத்தக் கேக்க ஆளில்லையா? வாங்க, பின்கட்டுல வந்து நின்னு நீங்களே கேளுங்க!" வாருங்கள் என்று கூப்பிடுகிற இடத்துக்கு அவர் எந்த மாதமும் வந்ததில்லை. "எனக்கு வேற ஜோலி இருக்கும்மா" என்று திண்டாடுவார். இந்தப் பக்கத்திலிருந்து அப்பா, "குழாய்னா கத்தத்தான் செய்யும்!" என்று பதிலுக்குக் கத்துவார். நடிப்பு சுத்தமாக வராத மனிதர். பாதியிலேயே சிரித்துவிடுவார், அம்மா அவர் வாயைப் பொத்துவாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் தீராத பகை என்று தெருவே நம்பியது. முறத்துக்குப் பின்னால் அம்மாவின் வெஞ்சனக் கிண்ணம் அங்கே போனது, உங்கள் நோன்புக் கஞ்சி இங்கே வந்தது. "மதினி, உப்புப் பாத்தீகளா?" என்று சுவர் கேட்கும்.

இப்போதும் மனு எழுதித் தருகிறேன். சத்தம் தாங்கவில்லை என்று யாராவது வந்தால், நான் சத்தத்தைப் பற்றி விசாரிப்பதில்லை. வீட்டில் என்ன இல்லை என்று கேட்கிறேன். பாதிப் பேர் என்னைத் திட்டிவிட்டுப் போகிறார்கள். மீதிப் பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள். அது உங்களிடமிருந்து எனக்கு வந்தது.

உங்கள் வீட்டில் இப்போது இருப்பவர்கள் மழை பொய்த்துக் குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களுக்கும் அந்த ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் போகிறது. அம்மாவுக்கு அதில் திருப்தி. எனக்கும் பாதித் திருப்தி உண்டு. ஆனால் ஓட்டை வழியாகப் போவது எங்கள் தயவு, அக்கா. தண்ணீர் தயவாகப் போகக் கூடாது.

போன வாரம் அந்த வீட்டுச் சொந்தக்காரர் வந்தபோது குழாய் விண்ணப்பத்தை அவர் முன்னால் நீட்டினேன். செலவு அவருக்கு ஒரு காசு இல்லை, கையெழுத்து மட்டும் போதும் என்றேன். அவர் காகிதத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டினார். "உங்க வீட்ல இருக்கவுக தண்ணி குடிக்கக் கூடாதா? போடுங்க கையெழுத்த" என்றேன். படியிறங்கிக் குடையை விரித்தார். "போடுங்க!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

வெயிலில் குடை மட்டும் போய்க்கொண்டிருந்தது.