கைப்பையில் இருந்த முத்திரை

பெண்கள் வார்டு
ஜமைக்கா
9 பிப்ரவரி 2003

அன்புள்ள மார்வா,

நலம் என்று எழுதினால் பொய்யாகும். இடுப்பெலும்பைச் சேர்த்து வைத்துவிட்டார்கள். ஆனால் நானாகப் புரண்டு படுக்க முடியாது. யாராவது வந்து திருப்ப வேண்டும். அந்த 'யாராவது' இங்கே ஒரே ஒருத்திதான், நர்ஸ் டல்லக். வார்டு முழுவதும் அவள் தலையில். அவளோடு வேலை பார்த்தவர்கள் எல்லாரும் உன்னைப் போல விமானம் ஏறிவிட்டார்கள்.

நேற்று ஈரப் படுக்கையில் வெகுநேரம் கிடந்தேன். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான், கூப்பாடு போடவில்லை. மணியை மட்டும் அடித்தேன். கடைசியில் வந்து, "கொஞ்சம் பொறுத்துக்குங்க மிஸ் ஐசி, அங்க ஒரு கிழவி மூச்சு விடமாட்டேன்னு அடம் பிடிக்குது, அதட்டிட்டு வந்தேன்" என்கிறாள்.

"நான் திருமதி ஹிபர்ட்" என்றேன்.

"அவ்வளவு நீளமாச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு பேரைத் திருப்பிப் போட்டுருவேன். மிஸ் ஐசின்னா ஒரே மூச்சு."

கை மட்டும் சுத்தமான கை, மென்மையான கை. அதையும் சொல்ல வேண்டும்.

இப்போது அவளும் இங்கிலாந்துக்குப் போகிறாளாம். சமாதான நீதிபதி ஒருவர் நன்னடத்தைச் சான்றில் முத்திரை வைத்துக் கையெழுத்திட வேண்டும், அதுவும் மாதக் கடைசிக்குள். ஊரில் அந்தப் பொறுப்பு எனக்கு இருப்பது தெரிந்து என்னிடம் கேட்டாள். நாட்டை விட்டுப் போகும் நர்சுகளுக்கு நான் கையெழுத்திடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். பெற்ற மகளுக்கே போடாதவள் நான். ஆனால் என்னைத் திருப்புகிறவளிடம் 'மாட்டேன்' என்று சொல்ல வாய் வரவில்லை. முத்திரை வீட்டில் இருக்கிறது, நான் வீடு திரும்பியதும் பார்க்கலாம் என்றேன். உண்மையில் அது என் தலையணைக்குக் கீழே, கைப்பையில் இருக்கிறது. நான் வீடு போகும் வரையாவது அவள் இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் போகிறவளும் அவள்தான்.

உன் தாய்,
ஐசில்டா ஹிபர்ட்

லீட்ஸ்
21 பிப்ரவரி 2003

அன்புள்ள அம்மா,

உங்கள் கையெழுத்து கொஞ்சமும் கோணவில்லை. அதைப் பார்த்ததும் பாதிக் கவலை போயிற்று. மீதிக் கவலையை உள்ளே இருந்த சேதி கொண்டுவந்துவிட்டது.

நான் கிளம்பும்போது கையெழுத்துக் கேட்டதற்கு, மை காய்ந்துவிட்டது என்றீர்கள், நினைவிருக்கிறதா? ஊரின் இன்னொரு சமாதான நீதிபதியான மருந்துக்கடைப் பெரியவரிடம் போய் நின்றேன். "உங்கம்மாவே சமாதான நீதிபதி ஆச்சே, இங்க எதுக்கும்மா வந்தே?" என்று கடையில் இருந்தவர்கள் முன்னால் கேட்டார். அன்று தலை குனிந்தவள் நான். இன்று டல்லக் யார் வாசலில் போய் நிற்பாள்? அவளுக்கு வார்டை விட்டு வெளியே போகவே நேரமில்லையே.

நான் ஒன்றும் பெருமையாக எழுதவில்லை, அம்மா. அவள் ஒற்றையாக ஓடும் வார்டில் ஒரு பங்கு என்னுடையது. இங்கேயும் ஆள் போதாது. கூப்பிடும் கிழவிகளிடம் "இதோ வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தபிறகு, உங்களை யார் திருப்பினார்களோ என்று நினைப்பேன்.

கையெழுத்துப் போடுங்கள், அம்மா. அவள் உங்களுக்காக இருப்பதானால் தெரிந்து இருக்கட்டும். ஏமாந்து இருக்க வேண்டாம்.

அன்பு மகள்,
மார்வா

பெண்கள் வார்டு
16 மார்ச் 2003

அன்புள்ள மார்வா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே நடந்துவிட்டது. நீ சொல்லித்தான் செய்தேன் என்று பெயர் வாங்கக்கூட எனக்கு வழியில்லை.

அவளுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. அந்த நாளில் தூங்காமல் பஸ் பிடித்து மலையேறி நம் வீட்டுக்குப் போயிருக்கிறாள். பக்கத்து வீட்டு டெல்ராயிடம் சாவி வாங்கி, என் முத்திரையைத் தேடியிருக்கிறாள். மறுநாள் காலை என் கட்டிலருகே வந்து நின்றாள்.

"எல்லா இழுப்பறையும் பாத்துட்டேன் மிஸ் ஐசி, கிடைக்கல. கலைச்சதை அப்படியே மடிச்சு வச்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க. உங்க நாய் எலும்பும் தோலுமாக் கெடக்கு, கஞ்சி வச்சேன். டெல்ராயை நல்லாத் திட்டிட்டேன். இருக்கட்டும், என் அதிர்ஷ்டம் அவ்வளவுதான்."

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள், மார்வா. என்னிடம்.

தலையணைக்குக் கீழிருந்து பையை எடுத்தேன். முத்திரையை வெளியே வைத்தேன். "தாளைக் கொண்டு வா" என்றேன். அவள் முத்திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போய்த் தாளைக் கொண்டு வந்தாள். நான் கையெழுத்திடும் வரை மை துடைக்கும் பஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

"திருப்புற நேரம் ஆச்சு" என்றாள். "வலப்பக்கம் சாயுங்க, திருமதி ஹிபர்ட்."

அதே மென்மையான கைதான். தோளுக்குக் கீழே தலையணை வைக்கவும் மறக்கவில்லை. அடுத்த கட்டிலில் "மிஸ் பெர்ல், இன்னிக்கு மாப்பிள்ளை யாராச்சும் வர்றாங்களா, இப்படிச் சீவிக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அன்றிலிருந்து எனக்கு முழுப் பெயர்தான். எவ்வளவு அவசரமானாலும் முழுவதும் சொல்லி முடித்துவிட்டுத்தான் நகர்கிறாள். நான் கேட்டு வாங்கிய மரியாதை, எதைச் சொல்லி மறுப்பேன்?

போன வாரம் போய்விட்டாள். தாள் வேளைக்குச் சேர்ந்துவிட்டதாம். அவள் இடத்துக்கு ஆள் போடவில்லை. மிஸ் பெர்லின் மகள் வந்து தாயைத் திருப்பும்போது என்னையும் திருப்பிவிட்டுப் போகிறாள். நான் மணி அடிப்பதில்லை.

உன் ஊருக்கு அருகில்தான் அவளுக்கு வேலை. குளிருக்கு அவளிடம் நல்ல கோட்டு இருக்காது, உன்னுடையது ஒன்றைக் கொடு. என் மகள் என்று முதலிலேயே சொல்லிவிடு, மறைக்காதே. என் சார்பில் எதுவும் பேச வேண்டாம்.

பேச்சுவாக்கில் எப்போதாவது அவள் என்னை மிஸ் ஐசி என்று சொன்னால், எனக்கு ஒரு வரி எழுது.

அம்மா