உன் அப்பா பெயரில் இருந்த நத்தை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, அண்ணன், நான் மூவரும் நலம், என் முழங்கால் மட்டும் தன் இஷ்டப்படி நலம். உன் நலத்தை உன் அண்ணனைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. போனை எடுக்காமல் இருப்பாய், அம்மாவின் கடிதத்தைப் பிரிக்காமல் இருக்க உனக்கு மனசு வராது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

விஷயம் தெரிந்துவிட்டது. அண்ணனிடம் ரகசியம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி என்று உனக்குத் தெரியாததா. நீ கண்டுபிடித்து அப்பா பெயர் வைத்த அந்தக் கடல் நத்தை புது இனமே இல்லையாமே. யாரோ எப்போதோ பெயர் வைத்த வேறொரு நத்தையின் குட்டிதானாம், வளர்ந்ததும் ஓட்டின் வாய் ஓரம் தடித்து அந்தப் பழைய நத்தையாகவே ஆகிவிடுகிறதாம், முதலில் வைத்த பெயர்தான் நிற்குமாம், அப்பா பெயரை எடுத்துவிட வேண்டுமாம். இதை நீயே கண்டுபிடித்துவிட்டு, எழுதி வெளியிட மனசில்லாமல், அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அண்ணனிடம் அழுதாயாம். அட அசடே, இதற்கா அழுவார்கள்? நீ பிறந்தபோது உன் அத்தை தொட்டிலை எட்டிப் பார்த்து, "இது நம்ம வீட்டு ஜாடையே இல்லையே" என்றாள். கொஞ்ச நாளில் அவள் மூக்கே அப்படியே உன் முகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. தொட்டில் குழந்தைக்கே அந்தக் கதி, மணலில் விழுந்தால் தேடக்கூட முடியாத நத்தைக் குழந்தையைப் பார்த்து நீ எப்படிச் சொல்வாய்.

ஆனால் நீ பயந்ததிலும் நியாயம் இருக்கிறது. உன் அப்பா அந்த நத்தையின் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, தையல் கடையில் துணி போட்டுப் பார்க்கும் அறையில் மாட்டியிருக்கிறார். அளவு கொடுக்க வருகிறவர்களை இரண்டு கையையும் தூக்கச் சொல்லி, ஓடிவிடாதபடி இன்ச் டேப்பை இடுப்பில் சுற்றிக்கொண்டுதான் நத்தைக் கதையை ஆரம்பிப்பார். எதிரே இருக்கும் இஸ்திரிக்காரர் "நத்தை அண்ணே" என்றுதான் கூப்பிடுகிறார். கோட்டு தாமதமான ஒரு மாப்பிள்ளை, "அந்த நத்தைக்கு உங்க பேர் வச்சது ரொம்பப் பொருத்தம்" என்று கடுகடுத்துவிட்டுப் போனார். உன் அப்பா அதற்கும் நன்றி சொன்னார்.

இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, கடைசியில் அவர் ஒரு கோட்டின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். வாயில் குண்டூசிகளைக் கடித்தபடி கேட்டார். பிறகு ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, "தப்பாத் தச்சது நம்ம கைன்னா நாமதான் பிரிக்கணும், அடுத்த கடைக்காரன் பிரிச்சுக் காட்டினாதான் அசிங்கம். அவளை உடனே எழுதி அனுப்பச் சொல்லு" என்றார். வருத்தம் இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன், அன்று சாப்பாட்டைப் பாதியிலேயே வைத்துவிட்டார். போட்டோவைக் கழற்றிவிடுவார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் கடைக்குப் போய்ப் பார்த்தால், புதிதாக வந்த ஒருவரை டேப்பால் சுற்றி நிறுத்திக்கொண்டு, "இதுக்கு என் பேர் வச்சதும் என் பொண்ணுதான், அது தப்புன்னு கண்டுபிடிச்சதும் என் பொண்ணுதான், வேற ஒருத்தராலயும் முடியல" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கதை இப்போது இரண்டு மடங்கு நீளம். இனி கோட்டுகள் என்றைக்கு வெளியே வருமோ தெரியவில்லை.

ஆகவே நீ எழுத வேண்டியதை எழுதி அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு ஆய்வகத்துக்குப் போகாதே. நல்ல உடம்பும் நிம்மதியான தூக்கமும் உனக்குக் குறைவில்லாமல் கிடைக்கட்டும். கடிதத்தில் உங்கள் பங்குக்கு என்ன எழுத என்று அப்பாவைக் கேட்டேன். "நத்தை போனா போகுது, அதுக்காகப் பொண்ணு பேசாம இருப்பாளா" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிஷின் சத்தத்தில் உன் போன் கேட்காமல் போய்விடுமாம், இப்போதெல்லாம் மிஷினை நிறுத்தி நிறுத்தித் தைக்கிறார். முதலில் அவரைக் கூப்பிடு, நான் பிறகு பேசிக்கொள்கிறேன்.

என்றும் உன் நினைவாக இருக்கும்,
அம்மா